கொட்டகையில் எடுத்த படம்

அத்தியாயம் 17

தம்பி சகாயராஜ் வாரியடித்த கழிவு ஆயில் விளம்பரப் பலகையின் கீழ்ப்பாதியில்தான் பட்டிருந்தது. தொண்டு நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் கறுத்துப்போயிருந்தன. மேல்பாதியில் சகாயசெல்வி அப்படியேதான் இருந்தாள்.

திண்டிவனம் பஸ் மரக்காணம் கூட்டு ரோட்டில் திரும்பியபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் செருப்பு வாரைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்துகொண்டாள். பலகை வைத்த நாளிலிருந்து இதே வழக்கம். நிமிர்ந்தால் தன்னையே பார்க்க வேண்டும். பஸ்ஸில் இருக்கிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பேரலை வந்த அன்றைக்கு எடுத்த படம். ஏழு வயது மகள் பூவிழியை மடியில் போட்டுக்கொண்டு, தலையை அண்ணாந்து, வாய் கோணக் கதறுகிறாள் செல்வி. கட்டியிருந்த புடவையைத் தண்ணீர் உருவிக்கொண்டு போயிருந்தது. யாரோ மேலே போட்ட லுங்கி சரிந்து ஒரு தோள் வெறுமையாகத் தெரிகிறது. குழந்தையின் முகம் தாயின் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்ததால், ஈரத் தலையும் ஒரு காலும் மட்டுமே படத்தில் விழுந்திருந்தன. வீடு இழந்தவர்களுக்கு வீடு கட்ட நன்கொடை கேட்டு, அதைப் பனைமர உயரத்துக்குப் பெரிதாக்கி ரோட்டோரம் நிறுத்திவிட்டார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் நாள் ஸ்டேஷனில் நடந்தது பஸ்ஸிலும் அவளை விடாமல் குடைந்தது. பலகையிலிருந்து படத்தை இறக்கச் சொல்லுங்கள் என்று அவள் கேட்கப் போனாள். இன்ஸ்பெக்டரோ சகாயராஜைப் பார்த்து, அடுத்தவன் வைத்த பலகையில் ஆயில் ஊற்றினால் கேஸ் என்று எச்சரித்து அனுப்பினார். படத்தைப் பற்றிக் கேட்டதற்கு, கடற்கரையில் எடுத்தது, கடற்கரை எல்லாருக்கும் பொது, அதில் நான் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். சகாயராஜ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு நாளைக்குப் பல தடவை அந்தக் கூட்டு ரோட்டைச் சுற்றி வந்தாக வேண்டும். அக்காவை அந்தக் கோலத்தில் பார்க்கச் சகிக்காமல்தான் ஆயில் வாளியைத் தூக்கினான். இன்றைக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டு அவனும் கூட வந்திருந்தான்.

கணவன் பிரபாகரன் வரவில்லை. புதுச்சேரித் துறைமுகத்தில் படகு வேலை இருக்கிறதாம், விசாரித்துவிட்டு வருகிறேன் என்று விடியலிலேயே கிளம்பிவிட்டான். பலகையைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவன் தனியாகப் போய் அதன் முன்னால் வெகுநேரம் நின்றிருந்ததைச் சகாயராஜ் பார்த்திருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குக் கணவன்மேல் ஆறாத கோபம். ஊரே பார்ப்பது போதாதென்று இவருமா?

திண்டிவனம் கோர்ட்டுக்கு எதிர் சந்தில் வக்கீல் கலைமதிக்கு மாடியில் ஓர் அறை. நாற்பது வயதிருக்கும். பத்திரிகையில் வந்த அதே படத்தைச் சகாயராஜ் கொடுத்ததும், ஒரு தடவை பார்த்துவிட்டு மேஜைமேல் குப்புறக் கவிழ்த்துவைத்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே செல்விக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் அவர் சொன்ன சட்டம் இன்ஸ்பெக்டர் சொன்னதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை. ரோடு, பஸ் ஸ்டாண்டு, கோயில் திருவிழா, கடற்கரை, இப்படி நாலு பேர் வந்துபோகிற இடத்தில் யாரை வேண்டுமானாலும் படம் எடுக்கலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றார். எடுத்த படத்தைப் பெரிதாக்கி நன்கொடை கேட்கப் பலகையில் போட்டது வேறு விஷயம். அதற்கு அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாம், நானே அனுப்புகிறேன். பதில் வர வேண்டும், வராவிட்டால் வழக்குப் போட வேண்டும், வருஷக்கணக்கில் ஆகும்.

“அதுவரைக்கும் நான் அங்கியே தொங்கணுமா மேடம்?” என்று செல்வி கேட்டாள்.

 கலைமதி, ஒருவருடைய சொந்த இடத்துக்குள் நுழைந்து எடுத்திருந்தால் மட்டும் போலீஸ் உடனே கைவைக்கலாம், கடற்கரைக்கு அது பொருந்தாதே என்று வருத்தப்பட்டார்.

“இது கடற்கரை இல்லீங்க.”

வக்கீல் நிமிர்ந்தார். சகாயராஜும் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

செல்வி கையை நீட்டி, கவிழ்த்துவைத்த படத்தைத் தானே திருப்பினாள். தன் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, பின்னால் வெள்ளையாகத் தெரிந்ததைக் காட்டினாள். எல்லாரும் அதை மணல் மேடு என்றுதான் நினைத்தார்கள். பத்திரிகைக்காரர்களும் மரக்காணம் கடற்கரையில் ஒரு தாய் என்றே போட்டிருந்தார்கள்.

“இது உப்பு. எங்க மொதலாளி கொட்டகையில கொட்டி வெச்சிருந்த உப்பு. தண்ணி வந்தப்ப அந்த மேடு ஒண்ணுதான் முழுவாம இருந்துச்சு. புள்ளைங்களத் தூக்கிக்கினு எல்லாரும் அங்கதான் ஓடனோம்.”

கலைமதியின் குரலில் வேகம் வந்தது. கொட்டகை யாருடையது, பட்டா நிலமா, கதவு உண்டா, பூட்டு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சக்கரபாணி முதலாளிக்குச் சொந்தமான நிலம், பெரிய தகரக் கதவு, எப்போதும் பூட்டியே இருக்கும் என்று சகாயராஜ் சொன்னான். அப்படியானால் அத்துமீறி நுழைந்த கேஸ் போடலாம், படத்தையும் நெகட்டிவையும் போலீசே பறிமுதல் செய்யும், அதைக் காட்டிப் பலகையையும் இறக்க வைக்கலாம் என்றார் அவர்.

செல்விக்குக் கண்ணில் நீர் முட்டியது. எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். பதற்றத்தில் அப்படித்தான் வாயில் வந்தது.

“நீங்க புகார் குடுக்க முடியாதும்மா. சக்கரபாணிதான் குடுக்கணும்.”

“செத்தது எம் பொண்ணு. படத்துல இருக்கறது நானு.”

“எடம் அவருதும்மா.”

 கலைமதி தாழ்ந்த குரலில் மறுபடி விளக்கினார். அந்தக் கதவுக்குள் யார் வரலாம், யார் படம் எடுக்கலாம் என்று சொல்கிற உரிமை இடத்துக்காரருக்குத்தான். உள்ளே உட்கார்ந்து அழுதவளுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. சொல்லிவிட்டு, எனக்கும் இது பிடித்த பதில் இல்லை என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சகாயராஜ் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தான். முதலாளி நல்லவர், அக்காவுக்காகக் கண்டிப்பாக எழுதிக்கொடுப்பார் என்றான். செல்விக்கு வக்கீல் சொன்ன சொல்தான் காதில் நின்றது. பத்து வருஷமாக அந்த உப்பளத்தில் பாத்தி மிதித்தவள் அவள். பிள்ளை பிறந்த பிறகு, அதை வரப்பில் துணி விரித்துப் படுக்கவைத்துவிட்டு இறங்கி வேலை செய்திருக்கிறாள். அவள் காலடி படாத பாத்தி அங்கே இல்லை. இடம் அவருது என்று ஒரு சொல்லில் முடிந்துபோயிற்று.

கூட்டு ரோடு வந்தபோது மறுபடியும் குனிந்துகொண்டாள்.

சக்கரபாணி முதலாளி வீட்டிலில்லை, உப்பளத்தில் இருந்தார். மழைக்காலம் முடிந்து தை மாசக் கடைசி. பாத்திகளைச் சீர்பண்ணிச் சேறு மிதிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. செல்வி வேலைக்கு வராத நாளில் புடவை மாற்றிக்கொண்டு வருவதைப் பார்த்த பெண்கள் வரிசையாக நிமிர்ந்து பார்த்தார்கள். சகாயராஜை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் கொட்டகைக்குப் போனாள்.

அன்றைக்குப் பிறகு அவள் அந்தக் கதவுக்குள் கால்வைத்ததில்லை. மூட்டை கட்ட ஆள் கூப்பிட்டாலும் பாத்தி வேலையே போதும் என்று ஒதுங்கிக்கொள்வாள். முதலாளி உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் வாசலிலேயே நின்றதைக் கண்டு எழுந்து வெளியே வந்துவிட்டார்.

வக்கீல் சொன்னதை எல்லாம் அவள் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எழுதித் தருகிறேன் என்று உடனே சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்துவிட்டார். அப்புறம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அறுபதைத் தாண்டிய மனிதர். 

“செல்வி, உங்கிட்ட மறைச்சி என்ன ஆவப்போவுது. அந்தப் பையன் பூந்து வரல. நாந்தான் கதவத் தொறந்து உள்ள வுட்டேன்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

அவர் மெல்லச் சொன்னார். கிளியனூர் அரசப்பன்தான் படம் எடுத்தவன். முதலாளி மகள் கல்யாணத்துக்கும் அவன்தான் எடுத்தான். பேரலை செய்தி கேட்டுக் கேமராவோடு ஓடிவந்தவன், கொட்டகை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டிருக்கிறான். ரோடு அறுந்து கிடந்தது. மதியம்வரை ஒரு டாக்டரோ அதிகாரியோ அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. உள்ளே இருபது பேருக்குமேல் கிடந்தார்கள், பாதிப் பேருக்கு உயிர் இருந்தது. பத்திரிகையில் வந்தாலாவது யாராவது வருவார்கள் என்று நினைத்து, எடு தம்பி, ஊரே பார்க்கட்டும் என்று தானே சொன்னதாகச் சொன்னார். அப்படியே மறுநாள் டாக்டர்களும் வந்தார்கள், வண்டியும் வந்தது.

“அந்த நேரத்துல உன்னக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. நீ கேக்கற நெலமையிலயும் இல்ல.”

செல்வி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. வெளிச்சம் இரண்டு மூன்று தடவை பளிச்சென்று அடித்தது ஞாபகம். மின்னல் என்று நினைத்திருந்தாள்.

முதலாளி அனுமதி கொடுத்திருந்தால் கேஸ் இல்லை. அது அவளுக்கே புரிந்தது. எழுந்து போகலாம் என்று பார்த்தபோது முதலாளி அவளுக்கெதிரில் குந்தினார்.

“நான் தொறந்து வுட்டேன்னு எழுதப்போறதில்ல. பூட்ட உடைச்சி உள்ள வந்தான்னு எழுதறேன். எங்கொட்டகை, நான் சொன்னா எடுத்துக்குவாங்க. நீயும் ஒரு சாட்சின்னு போட்டுக்கறேன். வேணுமா வேணாமான்னு நீ சொல்லு.”

அவள் யோசித்தாள். அரசப்பன் என்கிற அந்த ஆளின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. கேட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறான். இடத்துக்காரரைக் கேட்டான், அவளைக் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

போன வாரம் மீன் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி அவளை உற்றுப் பார்த்துவிட்டு, நீ அந்த போர்டுல இருக்கறவதானே, அப்ப உனக்குத்தான் பணம் நெறைய வந்திருக்குமே என்று கேட்டாள். வெறுமையாகத் தெரிந்த தோளைப் பற்றி டீக்கடையில் பேசிச் சிரித்தவனைச் சகாயராஜ் அடிக்கப் போனான். இதெல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சுக்குள் வந்து முட்டியது.

“எழுதுங்க மொதலாளி” என்றாள்.

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டதும் காகிதத்தை அவளிடம் கொடுக்காமல் சகாயராஜைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் பாத்திப் பக்கம் நடந்துவிட்டார்.

சகாயராஜ் புகாரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். செல்வி அனுமந்தைப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்து, தகர ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பில் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அரிசி களைந்து உலை வைத்தாள். படம் போய்விடும். பலகையும் இறங்கிவிடும். நிம்மதி வர வேண்டும். வந்ததென்னவோ, தப்பாகக் காலை வைத்துவிட்டோம் என்கிற நடுக்கம்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிரபாகரன் வந்தான். வந்தவன் சட்டையைக் கழற்றாமல், கையைக் காலைக் கழுவாமல், பாயில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ஒரு வருஷத்துக்குமேல் அந்த முகத்தில் அவள் பார்க்காத வெளிச்சம்.

பேரலை வந்தபோது அவன் கேரளாவில், கொச்சியில் மீன்பிடி போட்டில் வேலையிலிருந்தான். சேதி தெரிந்து, ரயிலும் லாரியும் மாறி வந்து சேர்வதற்குள் ஃபாதர் ஜெபம் சொல்லி, பிள்ளைகளை எல்லாம் வரிசையாக அடக்கம் செய்துவிட்டார்கள். வைத்திருக்க முடியாத நிலைமை. அவன் வந்து பார்த்தது ஈர மண்ணைத்தான். பூவிழிக்கென்று இருந்த படமே இரண்டு. ஞானஸ்நானத்துக்கு எடுத்தது ஒன்று, மாதா தேர்த் திருவிழாவில் எடுத்தது ஒன்று. இரண்டும் வீட்டோடு போய்விட்டன. பள்ளிக்கூடத்தில் குரூப் படம் எடுத்த அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல்.

“புதுச்சேரிக்குப் போவல” என்றான் பிரபாகரன். “கிளியனூருக்குப் போனேன்.”

அடுப்பில் ஊதுகுழலை வைத்திருந்த அவள் கை அப்படியே நின்றது.

பலகையின் அடியில் படம் எடுத்தவர் பெயரும் ஊரும் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். ஆயில் படுவதற்கு முன்னாலேயே அவன் பார்த்துவைத்திருக்கிறான். பலகை முன்னால் நின்று நின்று, குழந்தையின் தலை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தானாம். கேமரா வைத்திருக்கிறவன் ஒரு படத்தோடு நிறுத்தமாட்டானே, முன்னேயும் பின்னேயும் எடுத்திருப்பானே என்று ஒரு நாள் தோன்றியிருக்கிறது. செல்வியிடம் சொன்னால் துடித்துப்போவாள் என்று சொல்லாமல் போயிருக்கிறான்.

அரசப்பன் அவன் காலில் விழாத குறையாகப் பேசினானாம். பத்திரிகைக்குத்தான் கொடுத்தேன், அங்கிருந்து பலகைக்கு எப்படிப் போனதென்று தெரியாது என்று சத்தியம் செய்தானாம். அவன் பேச்சை எவ்வளவு நம்புவதென்று தனக்குத் தெரியவில்லை, ஆனால் அன்றைக்கு எடுத்த ஃபிலிம் ரோலைத் தேடி எடுத்துவிட்டான் என்றான் பிரபாகரன்.

“மொகம் தெரியறாப்புல ஒண்ணு இருக்குது செல்வி. நல்லாத் தெரியுதாம். வெளிச்சத்துல புடிச்சிக் காட்டறேன்னான். நான் பாக்கல. படமாக் கழுவிக் காலையில நானே கொண்டாந்து குடுக்கறேன் அண்ணேன்னான். உங்கூட ஒக்காந்து பாக்கலாம்னு வந்துட்டேன்.”

உலை கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் இறக்கவில்லை.

தான் செய்ததை அவள் சொன்னாள். வக்கீல் சொன்னதை, முதலாளி சொன்னதை, பூட்டை உடைத்ததாக எழுதியதை, எழுதுங்க என்று தன் வாயால் சொன்னதை. ஒன்றையும் விடவில்லை. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவன் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றான். “இத்தினி நாளா கேக்கல. அவ கண்ணு மூடியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?”

அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். மடியில் கிடந்த கனம் தெரிந்தது. ஈர முடி விரலில் சிக்கியது தெரிந்தது. பாவாடைக் கரையில் ஒட்டியிருந்த உப்பு தெரிந்தது. முகத்துக்கு வந்தால் அங்கே ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற பூவிழி வந்தாள், அதுவும் முழுசாக இல்லை. நெற்றிப் பொட்டு வந்தது, பல் விழுந்த இடம் வந்தது. சேர்த்துப் பார்த்தால் முகமாகவில்லை.

“தெரியலீங்க” என்றாள். “எனக்கு மறந்துபோச்சுங்க.”

சொன்ன பிறகுதான் அவள் அழுதாள். பலகையில் இருப்பதுபோல வாய் திறந்து அழவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பக்கத்துத் தகர வீட்டுக்குக் கேட்காமல் அழுதாள். பிரபாகரன் நகர்ந்து வந்து அவள் முதுகில் கைவைத்தான். 

வெளியில் ஆட்டோ வந்து நின்றது. சகாயராஜ் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். முதலாளி எழுதிக்கொடுத்த காகிதத்தைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் எழுந்தே நின்றுவிட்டாராம். சாயங்காலமே ஜீப் கிளியனூருக்குப் போய், ஆளையும் கேமராவையும் ஸ்டூடியோவிலிருந்த அத்தனை நெகட்டிவையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டதாம். நீ எத்தனை தடவை நடந்தாய், ஒருத்தன் திரும்பிப் பார்த்தானா, இப்போது பார் என்றான். ஒரு படம்கூட மிச்சமில்லாமல் கோர்ட்டைக் கேட்டு அழித்துவிடலாம் என்று சொல்லும்போதுதான் இரண்டு பேருடைய முகத்தையும் கவனித்தான்.

பிரபாகரன் எழுந்தான். “வண்டியத் திருப்புடா” என்றான்.

மூன்று பேரும் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். கடல் பக்கமிருந்து ஈரக் காற்று அடித்தது. உண்மையைச் சொன்னால் பொய்ப் புகார் கொடுத்ததற்கு முதலாளி மாட்டிக்கொள்வார் என்பது செல்விக்குத் தெரிந்தது. தனக்காகப் பொய் எழுதியவர். அன்றைக்கு அத்தனை பேருக்கும் கொட்டகையைத் திறந்துவிட்டவர். சொல்லாவிட்டால் அரசப்பன் ஜெயிலுக்குப் போவான், பூவிழியின் முகமும் அவனோடு போய்விடும்.

அவள் அதைக் கணவனிடம் சொன்னாள். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு ஒண்ணும் தெரியல செல்வி. அவ மொகத்த ஒரு தரம் பாக்கணும்.”

“எனக்குந்தாங்க” என்றாள் அவள்.

ஸ்டேஷன் பெஞ்சில் ஒல்லியாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டிருந்தான். பிரபாகரனைக் கண்டதும் எழுந்தான். காலையில் நானே கொண்டுவந்து தருவதாகத்தானே இருந்தேன் அண்ணே என்று மட்டும் சொன்னான். பிறகு செல்வியைப் பார்த்தான். யார் என்று புரிந்ததும் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் முதல் நாள்போல இல்லை. வாங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டு நாற்காலி காட்டினார். மேஜைமேல் பிளாஸ்டிக் பையில் நெகட்டிவ் துண்டுகள் சுருண்டு கிடந்தன. டியூப்லைட் வெளிச்சத்தில் பழுப்பாகப் பளபளத்தன. எந்தத் துண்டில் எந்தக் கட்டத்தில் பூவிழி இருக்கிறாளோ தெரியவில்லை. கை நீட்டினால் எட்டுகிற தூரம்.

அவர் பேனாவைத் திறந்துகொண்டார். முதலாளி உங்களைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார், அன்றைக்குக் கொட்டகைக்குள் இருந்தவர் நீங்கள், இந்த ஆள் பூட்டை உடைத்துத்தான் உள்ளே வந்தான் என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் எழுதிக்கொள்கிறேன், வேலை முடிந்தது என்றார்.

செல்வியின் கண் பையை விட்டு அகலவில்லை.

“ஐயா, அதுல எம் பொண்ணு மொகம் இருக்குதாம். ஒரு தரம் பாத்துட்டு அப்புறம் சொல்லட்டுங்களா?”

இன்ஸ்பெக்டர் பையை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

“மொதல்ல சொல்லும்மா. பாக்கறதெல்லாம் அப்புறம்.”

வாசலில் நின்ற பிரபாகரன் ஓர் அடி முன்னால் வைத்தான். பெஞ்சில் இருந்தவன் தலை நிமிரவில்லை. சகாயசெல்வி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மூடிய டிராயரைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.